நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் பினாங்குல வர்ற பெருநாளுங்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவுல, பினாங்கு ஆயர் ஈத்தாம்ல நாங்க இருக்கற பிளாட்டுல ஒரே மாடியில இந்து, கத்தோலிக்கர், ஹொக்கியன் சீனர், தமிழ் முஸ்லிம்னு எல்லாரும் இருக்கோம். தீபாவளி முடிஞ்ச கையோட ஆளாளுக்கு கேக்க ஆரம்பிச்சிருவாங்க, இது எப்ப வருது, அது ஏன் இந்த வருஷம் தள்ளிப் போச்சு, அவங்க வீட்டுக்கு என்ன கொண்டு போறதுன்னு. "இயர் எண்ட் சீசன்"னு எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டிப் பேசறது எனக்குப் பிடிக்காது. ஒவ்வொரு பெருநாளுக்கும் தனிக் கணக்கு இருக்கு, தனிக் காரணம் இருக்கு, அதைத் தெரிஞ்சுக்கிட்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினா அந்த வீட்டுக்காரங்களுக்கும் சந்தோஷம். அதுக்குத்தான் இதை எழுதறேன்.

நம்ம ஊர்ல குளிர்காலமே இல்லையே, அப்புறம் என்ன குளிர்காலப் பெருநாள்?

நம்ம ஊர்ல குளிர்காலம் இல்லதான். பினாங்கு நிலநடுக்கோட்டுல இருந்து அஞ்சு டிகிரி சொச்சம் வடக்க இருக்கு, ஜூன் மாசப் பகலுக்கும் டிசம்பர் மாசப் பகலுக்கும் நாப்பது நிமிஷம் கூட வித்தியாசம் வராது, அதனால நமக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா இந்தப் பெருநாளுங்க பொறந்த ஊருங்க, சீனா, பஞ்சாப், எருசலேம், ரோம் இங்கெல்லாம் டிசம்பர் 21, 22ல பகல் ரொம்ப சுருங்கிரும், அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா வெளிச்சம் கூடும். அந்தக் கணக்குலயே வாழ்ந்த ஜனங்க கப்பலேறி இங்க வந்தப்போ பஞ்சாங்கத்தையும் சேத்தே கொண்டாந்தாங்க.

நமக்குன்னு இருக்கறது வடகிழக்குப் பருவக்காத்துதான், நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும். கிழக்குக் கரையில கிளந்தான், திரெங்கானு பக்கம் அப்ப வெள்ளம் வரும். பினாங்கு மேற்குக் கரையில இருக்கறதால இங்க ஜனவரி பிப்ரவரி நல்லா காஞ்ச வெயில். தைப்பூசத்துல வெறுங்காலோட தார் ரோட்டுல நடந்தவங்க கிட்ட கேளுங்க, அந்த சூடு எப்படின்னு சொல்வாங்க. முருகன் ரதம் போற பாதையில ஜனங்க தண்ணி ஊத்தி விடறது சம்பிரதாயத்துக்கு மட்டும் இல்ல.

கிறிஸ்மஸ் தேதி மாறவே மாட்டேங்குது, சீனப் பெருநாள் மாறுது, ஹரி ராயா (நோன்புப் பெருநாள்) வருஷா வருஷம் முன்னாடி வருது. ஏன்?

எதைப் பாத்து நாள் எண்றாங்கங்கறதுதான் விஷயம். சூரியனை மட்டும் பாத்து எண்ணினா தேதி கிட்டத்தட்ட அப்படியே நிக்கும், கிறிஸ்மஸ், பொங்கல், டிசம்பர் கடைசியில வர்ற சீனங்களோட டோங் ச்சி எல்லாம் அந்த வகை. நிலாவை மட்டும் பாத்து எண்ணினா வருஷத்துக்கு 354 இல்லன்னா 355 நாள்தான் வரும், அதான் இஸ்லாமிய ஆண்டு, அதனால நோன்பும் ராயாவும் வருஷத்துக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னுக்கு வந்துக்கிட்டே இருக்கும், சுமார் 33 வருஷத்துல ஒரு முழுச் சுத்து சுத்திரும்.

சீனங்களும் யூதங்களும் ரெண்டையும் கலந்து எண்ணுவாங்க, மாசம் நிலாக்கணக்கு, ஆனா பருவம் தப்பிப் போகாம இருக்க 19 வருஷத்துக்கு 7 தடவை ஒரு மாசத்தைக் கூட சேத்துப்பாங்க. 2025ல சீனங்க ஆறாம் மாசம் ரெண்டு தடவை வந்துச்சு, அதனாலதான் 2026 சீனப் பெருநாள் பிப்ரவரி 17 வரைக்கும் தள்ளிப்போச்சு. நம்ம தமிழ் மாசம் சூரியக் கணக்கு, ஆனா கார்த்திகை தீபம், தைப்பூசம் மாதிரி நாளுங்களை அந்த மாசத்துக்குள்ள நட்சத்திரமும் பௌர்ணமியும் பாத்து வைக்கறாங்க. அதனால தைப்பூசம் ஜனவரி நடுவுல இருந்து பிப்ரவரி நடுவுக்குள்ள எங்க வேணாலும் வரும், 2025ல பிப்ரவரி 11, 2026ல பிப்ரவரி 1, 2027ல ஜனவரி 22.

தைப்பூசமும் சாப் கோ மேயும் சில வருஷம் ஒட்டி வருது, சில வருஷம் ஒரு மாசம் இடைவெளி விடுது. தற்செயலா?

தற்செயல் இல்லைங்க, ரெண்டுமே பௌர்ணமியை ஒட்டித்தான் வருது. சாப் கோ மே சீன முதல் மாசத்தோட பதினஞ்சாம் நாள், அதாவது முழுநிலா. தைப்பூசம் தை மாச முழுநிலாவை ஒட்டின பூசம். தை மாசப் பௌர்ணமி பிப்ரவரி முதல் வாரக் கடைசிக்கு அப்புறம் வந்தா ரெண்டும் ஒரே நிலா ஆயிரும், 2025ல அப்படித்தான், பிப்ரவரி 11 தைப்பூசம், மறுநாள் 12 சாப் கோ மே. தைப் பௌர்ணமி ஜனவரியிலயே வந்துட்டா சீனங்க அப்ப இன்னும் பழைய வருஷத்துக் கடைசி மாசத்துல இருப்பாங்க, அவங்க முழுநிலாவுக்கு இன்னும் ஒரு மாசம் போகணும்.

ஒட்டி வர்ற வருஷம் பினாங்கு பாக்கறதுக்கே தனி. ஒரு பக்கம் தண்ணிமலை முருகன் கோயிலுக்கு காவடி போகும், இன்னொரு பக்கம் பாடாங் கோத்தா கடற்கரையில பொண்ணுங்க கமலா ஆரஞ்சைக் கடல்ல வீசுவாங்க, நல்ல மாப்பிள்ளை கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டு. வெளியூர்ல இருந்து சொந்தக்காரங்களைக் கூப்பிடறதா இருந்தா அந்த மாதிரி வருஷமா பாத்து கூப்பிடுங்க, ஆனா தங்கறதுக்கு ரூம் ரொம்ப முன்னாடியே பிடிச்சு வச்சிருங்க.

டிசம்பர் கடைசியில சீன வீட்டுல கலர் கலரா மாவு உருண்டை குடுக்கறாங்களே, அது என்ன பெருநாள்?

அதான் டோங் ச்சி, ஹொக்கியன்காரங்க தாங் செக்னு சொல்வாங்க. டிசம்பர் 21 இல்லன்னா 22, பகல் ரொம்ப சின்னதா இருக்கற நாள். அன்னைக்கு குடும்பம் ஒண்ணா உக்காந்து பசை அரிசி மாவை உருட்டி, இஞ்சியும் சர்க்கரையும் போட்ட சூடான பாகுல போட்டு, முதல்ல முன்னோர் படத்துக்கு வச்சு கும்பிட்டுட்டு அப்புறம் சாப்பிடுவாங்க. இந்த உருண்டை சாப்பிட்டா ஒரு வயசு கூடிருச்சுன்னு பெரியவங்க சொல்றது வழக்கம். லீவு கிடையாது, பட்டாசு கிடையாது, அதனால மத்தவங்க கண்ணுக்கு படாமலே போயிருது, ஆனா வயசான சீனப் பாட்டிங்களுக்கு இது ரொம்ப முக்கியமான நாள். உங்க வீட்டுக்கு ஒரு கிண்ணம் வந்தா கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் குடுக்காதீங்க, நாலு முறுக்காவது போட்டுக் குடுங்க.

உத்தராயணம்னு சொல்லித்தானே பொங்கல் கொண்டாடறோம்? சூரியன் வடக்க திரும்பறது டிசம்பர்லன்னா பொங்கல் ஏன் ஜனவரி 14, 15ல வருது?

இது ரொம்ப நல்ல கேள்வி, பிள்ளைங்கதான் பெரும்பாலும் கேக்கறாங்க. நம்ம பஞ்சாங்கம் சூரியன் எந்த நட்சத்திரக் கூட்டத்துக்கு நேரா நிக்குதுன்னு பாத்து மாசம் வைக்குது, மகர ராசிக்குள்ள போற நாள் தை ஒண்ணு. ஆனா பூமியோட அச்சு பம்பரம் தலையாட்டற மாதிரி ரொம்ப மெதுவா சுத்துது, அதனால நட்சத்திரக் கணக்கும் பருவக் கணக்கும் ஏறக்குறைய 72 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் விலகிக்கிட்டே போகுது. சுமார் 1700 வருஷத்துக்கு முன்னாடி ரெண்டும் ஒரே நாள்ல இருந்துச்சு, இப்ப 24 நாள் வரைக்கும் இடைவெளி விழுந்துருச்சு. டோங் ச்சி பருவத்தை விடாம பிடிச்சுக்கிட்டு டிசம்பர்லயே நிக்குது, பொங்கல் நட்சத்திரத்தைப் பிடிச்சுக்கிட்டு ஜனவரிக்கு வந்துருச்சு. ஆரம்பத்துல ரெண்டும் சூரியனோட ஒரே திருப்பத்தைப் பாத்ததுதான்னு நினைக்கறப்போ எனக்கு அந்தக் கிண்ணத்து மாவு உருண்டை மேல தனி பாசமே வருது.

மார்கழியில நல்ல காரியம் செய்யக்கூடாதுங்கறாங்களே, அப்ப அது கெட்ட மாசமா?

இல்லவே இல்ல. அந்த மாசத்தை சாமிக்குன்னு ஒதுக்கி வச்சிருக்காங்க, அதனால கல்யாணம் காட்சி வைக்கறதில்ல, அவ்வளவுதான். டிசம்பர் நடுவுல இருந்து ஜனவரி நடு வரைக்கும், கோயில்ல விடியறதுக்கு முன்னாடியே பூஜை. ஆண்டாளோட திருப்பாவை 30 பாட்டு, மாணிக்கவாசகரோட திருவெம்பாவை 20 பாட்டு. வைகுண்ட ஏகாதசியும் திருவாதிரையும் இந்த மாசத்துலதான் பெரும்பாலும் வரும், ஐயப்ப சாமிமாருங்க மாலை போட்டு கருப்புல இருக்கறதும் இதே காலம்.

ஒரு விஷயம் நம்ம பிள்ளைங்களுக்குக் கண்டிப்பா சொல்லணும். பினாங்குக்கு வடக்க கொஞ்ச தூரத்துல இருக்கற தாய்லாந்துல, பாங்காக் அரண்மனைப் பிராமணருங்க இதே மார்கழி தை ஒட்டி ஒரு சடங்கு செய்றாங்க, திரியம்பாவாய்னு பேரு, அதுல திருவெம்பாவைப் பாட்டு ஓதறது பல நூறு வருஷமா வர்ற வழக்கம். அந்த ஊர்ல பெரிய ஊஞ்சல்னு ஒண்ணு இன்னைக்கும் ரோட்டு நடுவுல நிக்குது, அது இந்தச் சடங்குக்குக் கட்டினதுதான், ஊஞ்சல் ஆடறதை 1935க்கு அப்புறம் நிறுத்திட்டாங்க. நம்ம பாட்டு நமக்கு முன்னாடியே கடல் தாண்டி போயிருக்கு.

இயேசு டிசம்பர் 25லதான் பொறந்தாரா?

பைபிள்ல தேதி இல்ல. ரோம்ல டிசம்பர் 25ஐ பிறப்பு விழாவா வச்சதுக்கு கிடைக்கற பழைய குறிப்பு கி.பி. 336ஐச் சேர்ந்தது. ஏன் அந்த நாள்ங்கறதுக்கு ரெண்டு கருத்து சொல்றாங்க, ரோமாபுரியில சூரியனுக்கு அந்த நேரத்துல விழா இருந்துச்சு அதை ஒட்டி வந்துச்சுன்னு ஒண்ணு, மார்ச் 25ல மரியாள் கருவுற்றாங்கன்னு வச்சு ஒன்பது மாசம் எண்ணினதுன்னு இன்னொண்ணு. நம்ம கிறிஸ்தவ அக்கா அண்ணனுங்களுக்கு தேதியை விட அந்தக் குடில்ல படுத்திருக்கற குழந்தைதான் முக்கியம், இதை அவங்க வீட்டு சாப்பாட்டு மேசையில விவாதமா கிளப்ப வேணாம்.

எல்லாருக்கும் டிசம்பர் 25 கிடையாது. ரஷ்யா, செர்பியா மாதிரி ஊர்ல ஆர்த்தடாக்ஸ் சபைங்க பழைய ஜூலியன் நாட்காட்டி பாக்கறதால அவங்க டிசம்பர் 25 நமக்கு ஜனவரி 7. ஆர்மீனியர்களுக்கு ஜனவரி 6. ஜார்ஜ்டவுன்ல லெபோ ஆர்மீனியன்னு தெரு இருக்கே, அந்த மக்கள் பேருதான், அந்தக் காலத்துல இங்க வியாபாரம் பண்ண வந்து ஒரு சர்ச்சும் கட்டி வச்சிருந்தாங்க.

நான் இந்து, கிறிஸ்மஸ் ராத்திரி சர்ச்சுக்குப் போய் பாக்கலாமா?

தாராளமா போகலாம். டிசம்பர் 24 ராத்திரி கத்தோலிக்கக் கோயில்ல திருப்பலி இருக்கும், லூத்தரன், மெதடிஸ்ட் சபைங்கள்ல ஆராதனைனு சொல்வாங்க. பினாங்குல லெபோ ஃபார்க்குவார்ல இருக்கற விண்ணேற்பு அன்னை ஆலயத்தோட சபை 1786லயே தொடங்கினது, தமிழ்ல கேக்கணும்னா பினாங்கு ரோட்டுல புனித பிரான்சிஸ் சவேரியார் கோயில் இருக்கு. பின்வரிசையில உக்காருங்க, எல்லாரும் எழுந்திருச்சா எழுந்திருங்க. ஒண்ணு மட்டும் கவனம், கத்தோலிக்கக் கோயில்ல அப்பம் குடுக்கற நேரம் வரிசையில போய் நிக்காதீங்க, அது ஞானஸ்நானம் வாங்கி நற்கருணைக்கு தயார் பண்ணினவங்களுக்கு மட்டும்தான், அவங்களுக்கு அது பிரசாதம் மாதிரி இல்ல, ஆண்டவரோட உடல். தெரியாம போய் கை நீட்டறது நடக்குது, முன்கூட்டியே தெரிஞ்சுக்கிட்டா ரெண்டு பக்கமும் சங்கடம் இல்ல.

கிறிஸ்மஸுக்கு முன்னாடி நாலு ஞாயிறு திருவருகைக் காலம், அப்ப வீடு வீடா கேரல் பாட வருவாங்க. கிறிஸ்தவங்க இல்லாத வீட்டுக்கும் கூப்பிட்டா வருவாங்க, தமிழ்ப் பாட்டு கேக்க அவ்வளவு நல்லா இருக்கும்.

பினாங்கு தைப்பூசத்துல ஏன் ரெண்டு ரதம்?

முதல்ல இருந்தே இருக்கறது நகரத்தார் வெள்ளி ரதம். 1894ல காரைக்குடி பக்கத்துல இருந்து கப்பல்ல வந்தது. லெபோ பினாங்ல இருக்கற கோவில் வீட்டுல இருந்து, தைப்பூசத்துக்கு முதல் நாள் காலையில கிளம்பி, ஊரெல்லாம் நின்னு நின்னு அர்ச்சனை வாங்கிக்கிட்டு ஜாலான் கெபுன் பூங்காவுல இருக்கற நாட்டுக்கோட்டை செட்டியார் கோயிலுக்கு ராத்திரி போய்ச் சேரும். தங்க ரதம் 2017ல வந்தது, இந்து அறப்பணி வாரியம் செஞ்சது, அதுல முருகனோட வேல் போகும், லெபோ குயின் மகாமாரியம்மன் கோயில்ல இருந்து கிளம்பி தண்ணிமலை அடிவாரத்துக்குப் போகும். அந்த மாரியம்மன் கோயில் 1833ல கட்டினது.

ரெண்டு ரதம் வந்த புதுசுல ஊர்ல நிறைய பேச்சு இருந்துச்சு. என் மனசுல பட்டதைச் சொல்றேன், ரெண்டையும் நின்னு கும்பிடற ஜனம்தான் நான் ரோட்டோரத்துல பாக்கறது. தாம்பாளத்துல தேங்காய் பழம் வச்சுக்கிட்டு மணிக்கணக்கா காத்திருக்கற பாட்டிக்கு எந்த ரதமும் முருகனோட ரதம்தான்.

மலைமேல பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. இப்ப இருக்கற பெரிய கோயிலுக்கு 2012ல கும்பாபிஷேகம் ஆச்சு. வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறவங்க தைப்பூசத்தன்னைக்கு மதியம் போகாதீங்க, விடியக்காலை நாலு மணிக்கு ஏறி வெயில் வர்றதுக்குள்ள இறங்கிருங்க. மூணாம் நாள் சாயங்காலம் வெள்ளி ரதம் திரும்பும், விடிய விடிய போகும், கூட்டம் கம்மி, நிதானமா சாமி பாக்கணும்னா எனக்கு அந்த ராத்திரிதான் பிடிக்கும்.

சீனங்க ஏன் ரதத்துக்கு தேங்காய் உடைக்கறாங்க?

வேண்டுதல்தான், வேற என்ன. பிள்ளைக்கு உடம்பு சரியாகணும், கடை நல்லா ஓடணும்னு முருகன்கிட்ட வேண்டிக்கிட்டு, நடந்ததும் நேர்த்திக்கடன் செலுத்தறாங்க. ரோட்டுல மலை மாதிரி குவிச்சிருக்கற தேங்காய்ல பெரும்பங்கு சீனக் கடைக்காரங்க, சீனக் குடும்பங்க வாங்கி வச்சதுதான். காவடி எடுக்கற சீனங்களும் இருக்காங்க, விரதம் இருந்து முறையா எடுக்கறாங்க. படம் பிடிக்கறதுன்னா யாரா இருந்தாலும் கேட்டுட்டு பிடிங்க.

சீனப் பெருநாள் எட்டாம் நாள் ராத்திரி பட்டாசு சத்தம் முதல் நாளை விட அதிகமா இருக்கே?

அது தீ கோங், ஜேட் பேரரசர்னு சொல்ற வானத்து அரசரோட பிறந்தநாள், ஒன்பதாம் நாள். எட்டாம் நாள் நடுராத்திரியில இருந்து கும்பிடுவாங்க. ஹொக்கியன்காரங்களுக்கு இது முதல் நாளை விட பெருசு, பினாங்குச் சீனங்கள்ல ஹொக்கியன் மக்கள்தான் அதிகம், அதனாலதான் அந்தச் சத்தம். அவங்க சொல்ற கதை என்னன்னா, ஒரு காலத்துல எதிரிங்க ஊருக்குள்ள புகுந்தப்போ அவங்க முன்னோர் கரும்புக் காட்டுக்குள்ள ஒளிஞ்சு உயிர் தப்பிச்சாங்க, வெளிய வந்தது ஒன்பதாம் நாள், வானத்துச் சாமி காப்பாத்தினாருன்னு நன்றி சொல்றாங்க. அதனால மேசைக்கு ரெண்டு பக்கமும் முழுக் கரும்பு தோகையோட கட்டி வைப்பாங்க. நம்ம பொங்கலுக்கு கட்டற அதே கரும்பு, பாசார்ல ஜனவரியில நம்ம வாங்கறோம், அடுத்த சில வாரத்துல அவங்க வாங்கறாங்க.

பாக்கணும்னா பெங்காலான் வெல்ட்ல சியூ ஜெட்டிக்குப் போங்க. கடல் மேல மரக்கால்ல நிக்கற குடியிருப்பு அது, நீளமா மேசை போட்டு பழம், பலகாரம், வறுத்த பன்னின்னு அடுக்கி இருப்பாங்க, பன்னி இருக்குன்னு முஸ்லிம் நண்பர்களைக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி சொல்லிருங்க. ஊதுபத்திப் புகை கண்ணை எரிக்கும், ஆஸ்துமா உள்ளவங்க தள்ளி நிக்கணும்.

சீன வீட்டு ஓப்பன் ஹவுஸுக்கு (பெருநாளுக்கு எல்லாரையும் வீட்டுக்கு கூப்பிட்டு வைக்கற விருந்து) என்ன கொண்டு போறது, என்ன செய்யக்கூடாது?

கமலா ஆரஞ்சு ரெண்டு, ஜோடியா. அவங்களும் திருப்பி ரெண்டு குடுப்பாங்க, வாங்கிக்கணும். கடிகாரம் பரிசா குடுக்காதீங்க, நாலுங்கற எண்ணிக்கை வேணாம், கருப்பு உடுப்பு வேணாம். முதல் நாள் வீடு கூட்ட மாட்டாங்க, அதனால உங்க பிள்ளைங்க குவாச்சி (கொறிக்கற விதை) தோலைக் கீழ போட்டா பதறி விளக்குமாறு கேக்காதீங்க. அங் பாவ், அதாவது காசு வச்ச சிவப்பு உறை, வாங்கற பிள்ளைங்க அவங்க முன்னாடியே பிரிச்சுப் பாக்கக்கூடாது, இதைக் கதவைத் தாண்டறதுக்கு முன்னாடியே சொல்லி வைங்க. அந்த வருஷம் அவங்க வீட்டுல சாவு நடந்திருந்தா பெருநாள் கொண்டாட மாட்டாங்க, நம்மளை மாதிரித்தான்.

இப்ப சீனப் பெருநாளும் நோன்பும் ஒண்ணா வருதே, முஸ்லிம் நண்பர்களை எப்படி கூப்பிடறது?

இது சில வருஷத்துக்கு இருக்கப் போற விஷயம், அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன். 2026ல சீனப் பெருநாள் பிப்ரவரி 17, நோன்பு 19ல தொடங்குச்சு. 2027ல பிப்ரவரி 6 சீனப் பெருநாள், நோன்பு 8ஐ ஒட்டி. 2028ல ஜனவரி 26, நோன்பு 28ஐ ஒட்டி. ஏன் மூணு வருஷமும் ரெண்டு நாள் இடைவெளின்னா, ரெண்டு பேருமே ஒரே அமாவாசையில இருந்துதான் எண்றாங்க, சீனங்க அமாவாசை நாளையே முதல் நாளா வைப்பாங்க, முஸ்லிம்கள் மெல்லிசா பிறை தெரிஞ்ச பிறகு மாசத்தைத் தொடங்குவாங்க.

அதனால இந்த வருஷங்கள்ல ஓப்பன் ஹவுஸை பகல்ல வைக்காதீங்க, ராத்திரியில வைங்க. பிப்ரவரியில பினாங்குல ஏழரை மணி வாக்குல நோன்பு திறக்கற நேரம், அதுக்கு கொஞ்சம் முன்னாடியே பேரீச்சம்பழமும் தண்ணியும் மேசையில இருக்கட்டும், மக்ரிப்ங்கற அந்தி நேரத் தொழுகைக்கு ஒரு சுத்தமான ரூமும், கிப்லா (தொழறப்போ பாக்கற திசை) எந்தப் பக்கம்னும் காட்டி விடுங்க. தராவீஹ்ங்கற ராத்திரித் தொழுகைக்குப் போறவங்க சீக்கிரம் கிளம்புவாங்க, பிடிச்சு வைக்காதீங்க. ஹலால் சாப்பாட்டை நீங்க வழக்கமா சமைக்கற சட்டியிலயே சூடு பண்ணிக் குடுக்கறது சரியில்ல, ஹலால் கடையில பொட்டலமா வாங்கி தனித் தட்டுல வைங்க. தைப்பூசமும் 2028, 2029ல நோன்புக்குள்ள வரும், தண்ணீர்ப் பந்தல் போடறவங்களும் இதை மனசுல வச்சுக்கங்க.

அதுக்கப்புறம் இன்னும் நல்லா இருக்கும். 2029, 2030, 2031 மூணு வருஷமும் ஹரி ராயாவே சீனப் பெருநாளை ஒட்டி வரும், தேதி பிறை பாத்து முடிவாகும். கடைசியா இப்படி வந்தது 1996, 1997, 1998ல, அப்பத்தான் சீனப் பெருநாள் வாழ்த்தையும் ராயாவையும் சேத்து கோங்சி ராயான்னு ஊரே சொல்லிச்சு. சரியா 33 வருஷ சுத்து. தீபாவளியும் ராயாவும் சேந்து தீபாராயான்னு வந்தது 2004ல இருந்து 2006 வரைக்கும். 2030ல இன்னொரு அதிசயம், ரமலான் மாசம் ஒரே ஆங்கில வருஷத்துல ரெண்டு தடவை தொடங்கும், ஜனவரி ஆரம்பத்துல ஒண்ணு, டிசம்பர் கடைசியில ஒண்ணு.

நாகூர் கந்தூரி (தர்கா விழா) இங்கயும் உண்டா?

உண்டு. லெபோ சூலியாவும் லெபோ கிங்கும் சேர்ற மூலையில நாகூர் தர்கா ஷெரீப் இருக்கு, 1800கள் தொடக்கத்துல தமிழ் முஸ்லிம் வியாபாரிங்க கட்டினது. சாகுல் ஹமீது ஆண்டகை அடங்கி இருக்கறது தமிழ்நாட்டு நாகூர்லதான், இங்க இருக்கறது அவங்க நினைவிடம். ஜமாதுல் ஆகிர் மாசத்துல கொடி ஏத்துவாங்க, அது ஹிஜ்ரி மாசம்ங்கறதால இப்போதைக்கு நவம்பர்ல வருது, 2025ல நவம்பர் கடைசியில தொடங்குச்சு, இனி அக்டோபர் பக்கம் நகந்துரும். எல்லா மதத்துக்காரங்களும் வந்து சர்க்கரை, பூ குடுத்து பாத்திஹா ஓதிட்டுப் போவாங்க. முஸ்லிம்கள்லயே தர்காவுக்குப் போறதை ஏத்துக்காதவங்களும் உண்டு, அதனால எல்லா முஸ்லிம் நண்பர்கிட்டயும் கந்தூரிக்கு வர்றீங்களான்னு கேக்க வேணாம்.

சீக்கியங்களுக்கு இந்த மாசங்கள்ல என்ன?

குரு நானக் பிறந்தநாள் நவம்பர் பௌர்ணமியில, சில வருஷம் நம்ம கார்த்திகை தீபமும் அதே நாள், 2026ல ரெண்டுமே நவம்பர் 24. குரு கோபிந்த் சிங் பிறந்தநாள் ஜனவரி 5. ஜனவரி 13 ராத்திரி லோரி, நெருப்பு மூட்டி எள்ளும் கடலையும் போட்டு சுத்தி வருவாங்க, மறுநாளோ அதுக்கு அடுத்த நாளோ நமக்கு பொங்கல். ஜாலான் குர்துவாராவுல வடா குருத்வாரான்னு சீக்கியக் கோயில் இருக்கு, தலையை மூடிக்கிட்டு யாரு வேணாலும் போகலாம், லங்கர்ங்கற பொதுச் சமையல்கூடத்துல தரையில உக்காந்து சைவச் சாப்பாடு. தட்டுல போட்டதை வீணாக்காம சாப்பிட்டாலே போதும்.

யூதங்க பெருநாள் ஒண்ணு இருக்காமே, அதுக்கும் பினாங்குக்கும் சம்பந்தம் உண்டா?

ஹனுக்கா. கி.மு. 164 வாக்குல எருசலேம் கோயிலை அந்நியர்கிட்ட இருந்து மீட்டு சுத்தம் பண்ணி விளக்கேத்தினதை நினைச்சு எட்டு நாள் கொண்டாடறது, ஒரு நாளைக்குத்தான் பத்தும்னு இருந்த எண்ணெய் எட்டு நாள் எரிஞ்சதுன்னு சொல்வாங்க. முதல் நாள் ஒண்ணு, ரெண்டாம் நாள் ரெண்டுன்னு விளக்கு கூடிக்கிட்டே போகும், எண்ணெயில பொரிச்ச பலகாரம் செய்வாங்க. நவம்பர் கடைசியில இருந்து டிசம்பர் கடைசிக்குள்ள தொடங்கும்.

பினாங்குல யூதக் குடும்பங்க வாழ்ந்திருக்காங்க. ஜாலான் நாகூர்ல 1929ல ஒரு ஜெபக்கூடம் திறந்தாங்க, தொழ ஆள் இல்லாம 1976ல மூடிட்டாங்க. ஜாலான் சைனல் அபிதீன்ல அவங்க மயானம் இன்னும் இருக்கு, பழைய கல்லறைங்க 1830கள்ல இருந்து. இங்க இப்ப அந்த விளக்கை ஏத்த ஒரு குடும்பமும் இல்ல. நம்ம ஊரு வரலாறுல அவங்களும் ஒரு பக்கம், அதைப் பிள்ளைங்களுக்கு சொல்லித்தரணும்னு நான் நினைக்கறேன்.

எதுக்கெல்லாம் லீவு?

கிறிஸ்மஸ் நாடு முழுக்க. சீனப் பெருநாள் பினாங்குல ரெண்டு நாள். தைப்பூசம் பினாங்குல மாநில லீவு, கோலாலம்பூருக்கு 2008ல இருந்துதான் கிடைச்சுது. பொங்கல், கார்த்திகை, டோங் ச்சி, தீ கோங் இதுக்கெல்லாம் கிடையாது, சொந்த லீவுதான் போடணும். 2026ல இருந்து பள்ளிக்கூடம் மறுபடி ஜனவரியில தொடங்கறதால பொங்கல் பள்ளி நாள்ல விழும், தமிழ்ப்பள்ளியில பொங்கல் வைப்பாங்க, தேசியப் பள்ளியில படிக்கற பிள்ளைங்களுக்கு நாம வீட்டுல விடியக்காலையிலயே வச்சுட்டு அனுப்பறது நல்லது.

எல்லா மதத்துக்காரங்களும் ஒரே வீட்டுக்கு வந்தா என்ன சமைக்கறது?

சைவம் சமைங்க, முடிஞ்சது. மாடு வேணாம், இந்துக்கள் மட்டும் இல்ல, குவான் இன் அம்மனைக் கும்பிடற சீனங்க நிறைய பேர் தொடமாட்டாங்க. பன்னி வேணாம். கறி வச்சே ஆகணும்னா ஹலால் கோழி. தைப்பூச விரதத்துல இருக்கறவங்களுக்கு கறி சமைச்ச கரண்டி படாம தனியா எடுத்து வைங்க. பலகாரத்துல முட்டை இருக்கான்னு சீட்டு எழுதி ஒட்டிருங்க. இந்துக்கள்லயும் சிலர், சீன பௌத்தர்கள்லயும் சிலர் வெங்காயம் பூண்டு கூட சேத்துக்க மாட்டாங்க, முன்னாடியே கேட்டுக்கறது நல்லது.

கெக் லோக் சி புத்தர் கோயில் விளக்கு பாக்க எப்ப போறது நல்லது?

சீனப் பெருநாளுக்கு சில நாள் முன்னாடி ஏத்தினா ஒரு மாசம் வரைக்கும் தினமும் ராத்திரி எரியும், அதனால முதல் வாரத்துல போய் ஆயர் ஈத்தாம் ஜாம்ல மாட்டிக்க வேணாம். சாப் கோ மே தாண்டி ஒரு வேலை நாள்ல ஏழு மணிக்கு அங்க இருந்தா பகல் வெளிச்சத்துல கோபுரத்தையும் பாக்கலாம், அடி சீன பாணி, நடு தாய் பாணி, உச்சி பர்மா பாணி, 1930ல கட்டி முடிச்சது. இருட்டினதும் விளக்கு. மேல குவான் இன் சிலை வரைக்கும் போகணும்னா சாயந்திரமே ஏறிருங்க, ஏத்து வண்டி ராத்திரி வரைக்கும் ஓடும்னு நம்பி இருக்காதீங்க, கீழ கேட்டுட்டு ஏறுங்க. கார் கொண்டு போகாதீங்க, கொம்தார்ல இருந்து பஸ் இருக்கு.